அக்காவுக்கு ஒரு நாற்காலி

ஆறு தட்டு. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஓர் அன்னப்பறவை.

வெள்ளைத் துணியை மடித்து மடித்து, கழுத்தை வளைத்து, வாலை விரித்து உட்கார வைத்திருந்தாள் என் மருமகள் ஷெர்லி. கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மேசைக்கு நடுவில் ஒரு நீள ஜரிகைத் துணி. அதன் மேல் மூன்று மெழுகுவத்தி. தட்டுக்கு இந்தப் பக்கம் கரண்டி, அந்தப் பக்கம் முள்கரண்டி.

"எப்படி மாமா இருக்கு?"

"நல்லாத்தாம்மா இருக்கு. இதுங்க எந்திரிச்சுப் போனாத்தானே சோறு போட முடியும்?"

ஷெர்லி சிரித்தாள். சென்னையில் பிறந்து வளர்ந்த பெண். மூன்று நாளாகச் செல்போனைப் பார்த்துப் பார்த்து மடித்தது அது. "டேபிளப் பாத்த ஒடனே வந்தவங்களுக்கு உக்காரணும்னு தோணணும் மாமா. அதுக்குத்தான் இவ்வளவும்."

"பசிச்சாத் தோணும்மா."

சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு வரப்போகிறவர்களுக்குப் பசி மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும்.

மாயவரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் குத்தாலத்திலிருந்து என் அக்கா நேசமணியும் அவள் வீட்டுக்காரர், என் அத்தான், ஞானாபரணம் வாத்தியாரும் வருவதாக இருந்தது. எட்டு வருஷமாக அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. வராமல் இல்லை. சாவுக்கு வந்தார்கள். என் மகன் பிரபுவின் கல்யாணத்துக்கும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. அக்காவின் கைப்பையில் குத்தாலத்துத் தண்ணீர் பாட்டிலில் வந்துவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர்கூட அவளுக்கு ஆகாமல் போயிற்று.

பொங்கல் கழிந்ததும் மும்பையில் இருக்கும் மகளோடு போய்விடுகிறார்கள். வீட்டைக் காலி செய்யப் பாதிச் சாமான் கட்டியாயிற்று. அக்காவுக்கு எழுபத்தாறு வயது. இந்தத் தடவையும் சாப்பிடாமல் போனால், அக்காவும் தம்பியும் என்கிற கணக்கு அதோடு முடிந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். வாராவாரம் பத்திரிகைக்கு நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மனைவி ரஞ்சிதம். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். போன வாரம் அவள் தாயார் வைத்த மீன் குழம்பைப் பற்றி நான்கு வரி சொன்னேன். அச்சில் வந்தபோது அது இல்லை. கேட்டால், "இடம் பத்தலயாம்" என்கிறாள்.

பெட்டியில் வந்த மேசை

இந்த மேசை எங்கள் வீட்டுக்கு வந்த கதை வேறு. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு ஒரு வண்டி வந்து நின்றது. அட்டைப் பெட்டி ஒன்றை இறக்கினார்கள். "டைனிங் டேபிள்" என்றார்கள். எனக்குத் தெரிந்த மேசைக்கு நாலு கால் இருக்கும். இதற்கு ஒரு கால்கூட இல்லை. பலகை தனி, கால் தனி, ஒரு பொட்டலம் நிறைய திருகாணி. பிரபு ஒரு பகல் முழுக்கத் தரையில் கிடந்து அதை ஒன்று சேர்த்தான். கடைசியில் மூன்று திருகாணி மிஞ்சியது. "எக்ஸ்ட்ரா குடுத்திருக்காங்கப்பா" என்றான். அந்த மூன்று திருகாணியை நினைத்துக்கொண்டுதான் அதன் மேல் இன்றைக்கும் நான் கை வைக்கிறேன்.

நிற்க வைத்த பிறகுதான் அடுத்த வில்லங்கம் தெரிந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்கு வாட்டம் விட்டுத்தான் போடுவார்கள். வாளியோடு தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தானாக மூலைக் குழியில் போய் விழவேண்டும். அந்த வாட்டம் மேசைக்கும் வந்துவிட்டது. ஷெர்லி ஒரு எலுமிச்சம்பழத்தை நடுவில் வைத்தாள். அது மெதுவாக யோசித்து, கிழக்குப் பக்கமாக உருண்டு கீழே குதித்தது.

"அந்தப் பக்கம் யார் உக்காருறா?" என்று கேட்டேன்.

"குத்தாலத்து மாமா."

"சரியாப் போச்சு. ஊத்துற கொழம்பெல்லாம் அவரு மடியிலதான்."

டைல்ஸ் துண்டு இரண்டைக் கிழக்குக் கால்களுக்கு அடியில் சொருகினோம். பழம் நின்றது. ஷெர்லி ஆறு சின்ன அட்டை எடுத்து, ஆளுக்கு ஒன்றாகப் பெயர் எழுதித் தட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். எனக்குப் படிக்கத் தெரியாது. ரஞ்சிதத்தைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன்.

"கிழக்க அண்ணன். அவங்க பக்கத்துல அண்ணி. அண்ணிக்குப் பக்கத்துல நானு. இந்தப் பக்கம் பிரபு, ஷெர்லி. மேக்க நீங்க."

"நானா? நான் என்னத்துக்கு உக்காருறேன்? நான் உக்காந்துட்டா யாரு விசாரிக்கிறது?"

"யாரும் விசாரிக்க வேணாம் மாமா" என்றாள் ஷெர்லி. "எல்லாத்தயும் நடுவுல வச்சிருவோம். அவங்கவங்க எடுத்துப் போட்டுக்கலாம்."

எடுத்துப் போட்டுக்கொள்வதாம். தனக்குத் தானே சோறு போட்டுக்கொள்கிறவன் எங்கள் ஊரில் ஒன்று நாதியற்றவனாக இருப்பான், இல்லை பெண்டாட்டியோடு சண்டை போட்டவனாக இருப்பான். அத்தானைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "வேணுங்கிறத அள்ளிக்குங்க" என்று சொல்வதற்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்தே திருப்பி அனுப்பிவிடலாம்.

நான் நடத்திய பந்தி

நாலு மா நிலம்தான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் ஊரில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பந்தி. தரங்கம்பாடி தொடங்கிப் பொறையாறு வரை, கோயில் திருநாளோ கல்யாணமோ, பந்தி விசாரிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் இலைக்கு நுனி இடது பக்கம்தானே. நாற்பது வருஷம் அந்த வேலை பார்த்தேன். ஒரு வரிசையை ஒரு தடவை நடந்து பார்த்தால் போதும், எந்த இலையில் அப்பளம் இல்லை, எவர் மோருக்குக் காத்திருக்கிறார், எவர் இரண்டாவது துண்டுக் கறி கேட்க வெட்கப்படுகிறார் என்று சொல்லிவிடுவேன்.

யாரை எங்கே உட்கார வைப்பது என்பது அதைவிடப் பெரிய வேலை. எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரு வாய்க்கால் தகராறு. பதினாறு வருஷம் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக ஓடியது. அந்தப் பதினாறு வருஷமும் எல்லாக் கல்யாணத்திலும் அவர்கள் இரண்டு பேரையும் ஒரே வரிசையில், நடுவில் ஐந்து இலை விட்டு நான்தான் உட்கார வைத்தேன். ஒரே வரிசை என்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டு இரண்டு பேரும் ஏப்பம் விட்டு எழுந்தார்கள். எந்த ஜட்ஜும் செய்யாத காரியம்.

என் பந்தியிலிருந்து பசியோடு எழுந்து போனவர் என்று ஒரே ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவரும் என் அத்தான்தான்.

ஒரு ஆமென்

அத்தான் ஞானாபரணம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஜெபம் பிரசித்தம். ஒரு புதுவீட்டில் பால் காய்ச்சும்போது ஜெபிக்கச் சொன்னார்கள். பால் பொங்கி, வழிந்து, அடுப்பு அணைந்து, அடிப்பிடித்த வாசனை வந்த பிறகும் அவர் மோசேயோடு வனாந்தரத்தில்தான் இருந்தார். எங்கள் தெருக் கத்தோலிக்கர்கள் கொடுத்து வைத்தவர்கள். சிலுவை போட்டார்களா, சோற்றில் கை வைத்தார்களா, முடிந்தது. நாங்கள் லுத்தரன். யாருக்காவது ஜெப வரம் இருந்துவிட்டால் எங்களுக்கு ஆறிய சோறுதான்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்வதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவது. "ஆண்டவரே, கோள் சொல்லும் நாவுகளைக் கட்டுவீராக" என்று ஒருவர் ஜெபித்தால், அன்று சாயங்காலம் ஒரு கொழுந்தியாள் பேச மாட்டாள்.

எட்டு வருஷம் முன்பு ஒரு கிறிஸ்துமஸ். வாசலில் பந்தல். நாற்பது இலை. என் இடது கையில் பிரியாணி வாளி, ஆவி பறக்கிறது. அத்தானை ஜெபிக்கச் சொன்னோம். அவர் ஆதியாகமத்தில் ஆரம்பித்தார். மேட்டூரில் தண்ணீர் திறக்க வேண்டினார். பஞ்சாயத்துக்காரர்கள் தூர் வாராத சாக்கடையையும் கர்த்தரின் பார்வைக்கு வைத்தார். வாளியின் பிடி என் விரலை அறுக்கிறது. நாற்பது பேர் மூக்கிலும் பட்டை கிராம்பு வாசனை ஏறுகிறது. அப்போது அத்தான் குரலைத் தாழ்த்தி எங்கள் குடும்பத்துக்கு வந்தார்.

"சொந்தத்தை விட்டுப் பட்டணத்தில் பெண் தேடுகிறவர்களின் கண்களைத் திறந்தருளும் பிதாவே…"

பிரபுவுக்கு ஷெர்லியைப் பேசி முடித்த நேரம் அது. அத்தானுடைய மகளைக் கேட்கவில்லை என்று அவருக்கு வருத்தம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் நாற்பது பேர் முன்னாலா?

"ஆமென்!" என்றேன். பந்தியில் மோர் கூவுகிற குரலில் சொன்னேன்.

நாற்பது பேரும் ஆமென் சொல்லிச் சோற்றில் கை வைத்துவிட்டார்கள். அத்தான் மட்டும் கண்ணை மூடியபடி இன்னும் கொஞ்ச தூரம் போனார். திறந்தபோது எதிர் வரிசையில் ஒருத்தர் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அத்தான் எழுந்தார். தொடாத இலையை மடித்தார். நல்ல விருந்தில் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். அவர் எதிர்ப்பக்கமாக மடித்தார். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பந்தல் போடவில்லை.

ஒரு சாண் துண்டு

பகல் பன்னிரண்டுக்கு ஆட்டோ வந்து நின்றது. முதலில் அக்கா இறங்கினாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில் எட்டிப் பார்க்கும் கைப்பை, இன்னொரு கையில் சின்னத் தூக்கு. அதில் தயிர்சாதம் என்று பார்த்த உடனே தெரிந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"வாங்கத்தான்" என்றேன்.

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. பிரபுவைப் பார்த்து, "நல்லா இருக்கியாப்பா?" என்றார். கூடத்துக்குள் வந்தவர் மேசையைப் பார்த்து நின்றார். மூன்று மெழுகுவத்தி, ஆறு அன்னம். காற்றில் சுடர் அணைந்துவிடும் என்று ஷெர்லி மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தாள். புழுங்கியது.

"யாரு, பிஷப் வர்றாரா?"

"இல்ல மாமா, நமக்குத்தான். உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. அப்படி ஒரு மேசையில் முதலில் யார் உட்காருவது? அத்தான் பிரபுவுக்குக் கை காட்டினார். பிரபு அம்மாவுக்குக் கை காட்டினான். ரஞ்சிதம், "அடுப்புல வேல இருக்கு" என்று உள்ளே போகப் பார்த்தாள். அடுப்பை அணைத்து அரை மணி ஆகிறது. ஷெர்லி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். வந்தவரை உட்காரச் சொல்லத்தான் இவ்வளவு ஜோடனை. நாங்களோ காட்சிப் பொருளைப் பார்ப்பதுபோல அதைச் சுற்றி நின்றோம்.

அக்கா குனிந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓரிடத்தில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தாள். "நே… ச… மணி அத்தை." நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு மற்றவர்களும் உட்கார்ந்தோம்.

அத்தான் தன் அட்டையை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வெறும் ஞானாபரணம் மாமாவா? பேருக்குக் கீழ ஒண்ணும் போடலயா?"

"என்ன போடணும் மாமா?"

"தலைமை ஆசிரியர், ஓய்வு."

ஷெர்லி பேனா எடுத்து வந்து எழுதிக் கொடுத்தாள். அத்தானுடைய முகம் கால்வாசி தெளிந்தது.

அடுத்ததாக அன்னத்தின் மேல் கை வைத்தார். கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். அது பிரிந்து ஒரு சதுரத் துணியாகத் தொங்கியது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மூத்த மாப்பிள்ளை பண்டிகைக்கு வந்தால் துண்டு போட்டு மரியாதை செய்வது எங்கள் வழக்கம். எட்டு வருஷமாக நின்றுபோன மரியாதை இது என்று நினைத்துவிட்டார்.

"இவங்க வீட்ல மரியாதையெல்லாம் ஒரு சாணுக்குச் சுருங்கிப் போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சொன்னவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டார். தோளில் ஒரு தபால் தலை ஒட்டியதுபோல இருந்தது.

ஷெர்லி, "மாமா, அது வந்து…" என்று ஆரம்பித்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். என் அன்னத்தையும் பிரித்து என் தோளில் போட்டேன். பிரபுவும் போட்டான்.

அக்கா மட்டும் பிரித்து மடியில் விரித்தாள். "மடியில போடுறதுங்க அது. மும்பையில நம்ம பொண்ணு போடல?"

"அது ஓட்டல்ல. இது வீடு."

"ஆமா, வீடு" என்றாள் அக்கா. அவள் அதை எப்படிச் சொன்னாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

யார் ஜெபிப்பது?

பிரியாணிச் சட்டியைத் திறந்தாள் ஷெர்லி. நண்டு வறுவல், தாளிச்சா, கோழி, தயிர்ப் பச்சடி. எல்லாவற்றிலிருந்தும் ஆவி எழும்பியது. எல்லோரும் தலையைக் குனிந்தோம்.

ஜெபத்தை யாரும் ஆரம்பிக்கவில்லை.

மூத்தவர் அத்தான். அவர்தான் ஜெபிக்க வேண்டும். ஓரக்கண்ணால் பார்த்தேன். வாயைப் பூட்டியதுபோல வைத்திருந்தார். அவரும் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

அப்போதுதான் இந்த மேசை எப்படிப்பட்ட பொல்லாத சாமான் என்று எனக்கு விளங்கியது. பந்தியாக இருந்தால் நான் இந்நேரம் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு இலை தாண்டிப் போயிருப்பேன். "அங்க கறி வை, இங்க தண்ணி ஊத்து" என்று சத்தம் போட்டுக்கொண்டே யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு விருந்தை முடித்துவிடுவேன். இங்கே தலையைத் தூக்கினால் நேர் எதிரே அத்தான். கையில் வாளி இல்லை. ஓடுவதற்கு வழியும் இல்லை.

"பெரியவங்க ஜெபிக்கட்டுமே" என்றேன், மெழுகுவத்தியிடம்.

"நான் இந்த வீட்ல ஜெபிக்கிறதில்ல" என்றார் அத்தான், தாளிச்சாவிடம்.

பிரபு தைரியம் பண்ணி, "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தான். அத்தான் தொண்டையைக் கனைத்தார். பிரபு பரலோகத்திலிருந்து உடனே இறங்கிவிட்டான்.

ஆவி அடங்கியது. மெழுகு உருகி ஜரிகைத் துணியில் சொட்டியது. அத்தானுடைய நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. அவர் அந்த மரியாதையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி தோளில் போட்டார். சாயங்காலம்வரை இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதன் பிறகு அக்கா தூக்கைத் திறப்பாள், தயிர்சாதத்தைச் சாப்பிடுவாள், போய்விடுவாள்.

கடக் என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தேன். அக்கா ஒரு நண்டுக் காலைக் கடித்து உடைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் பிரியாணி குவிந்திருந்தது. நாங்கள் கண் மூடியிருந்தபோதே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மாத்திரை

"நேசம்!" என்றார் அத்தான். "நன்றி சொல்லாமயா?"

"நான் சுகர் மாத்திரை போட்டு அரை மணியாச்சு. கையி நடுங்குது" என்றாள் அக்கா. "ஆண்டவருக்கு நன்றி, ஷெர்லிக்கும் நன்றி. ஆமென். போதுமா? நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்."

இப்படி ஒரு ஜெபத்தை எங்கள் குடும்பம் கேட்டதில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, சாப்பிட்டியேக்கா! அத்தான் கோவத்தால எட்டு வருஷம் நம்ம வீட்ல நீ…"

"அத்தான் கோவம் அவரோட. அத என்னத்துக்கு என் தலையில வக்கிறே?" கையில் நண்டோடு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு இவரு எந்திரிச்சுப் போனாரே, அப்ப நான் எங்க இருந்தேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"பொம்பளைங்க பக்கம்… பந்தியில…"

"கொல்லையில. பச்சடிக்கு வெங்காயம் அரிஞ்சிட்டு இருந்தேன். காலையில குடிச்ச காப்பியோட நின்னேன். கடைசிப் பந்தியில உக்காரலாம்னு இருந்தேன். இவரு வந்து 'கெளம்பு'ன்னாரு. நீ வாசல்ல நின்னு, 'அத்தான் சாப்ட்டுப் போங்க, அத்தான் சாப்ட்டுப் போங்க'ன்னு இவரு கையப் புடிச்சு இழுத்தே. நான் பின்னாலதான் நின்னேன். எங்கையில வெங்காய வாசன. சாப்ட்டியான்னு ஒருத்தரும் கேக்கல. மாயவரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பன்னு வாங்கித் தின்னேன்."

பந்தி விசாரிப்பில் பெயர் எடுத்தவன் நான். நாற்பது இலையில் எதில் அப்பளம் இல்லை என்று நடந்துகொண்டே சொன்னவன்.

"அதுக்கப்பறம் வருஷா வருஷம் போன் பண்ணுனே" என்றாள் அக்கா. "'அத்தான் இருக்காரா? அத்தானை வரச் சொல்லு.' இதத் தவிர எங்கிட்ட ஒரு வார்த்த பேசியிருக்கியா? இந்தப் பொண்ணுதான் கூப்ட்டு, 'அத்தை, ஒங்களுக்கு என்ன புடிக்கும்'னு கேட்டுச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. யோசிச்சு மறுநாள் சொன்னேன், நண்டுன்னு."

அத்தான் மெதுவாக, "நம்ம பொண்ணக் கேக்கலன்னுதானே அன்னிக்கு நான்…" என்றார்.

"அவளுக்கு இவன் மேல ஆச இருந்திச்சா? அவ தப்பிச்சேன்னு சொன்னா. ஆசப்பட்டது நீங்க." பிரபுவைப் பார்த்து, "தப்பா நெனச்சுக்காதப்பா" என்றாள்.

"இல்லத்தை" என்றான் பிரபு. அவனும் நண்டை எடுத்துக்கொண்டான்.

இந்த இடத்தைச் சொல்லும்போது ரஞ்சிதம் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என்ன என்று கேட்டேன். "அன்னிக்கு அந்தக் கலவரத்துல நானும்தான் சாப்பிடல" என்றாள். "அதையும் எழுதட்டுமா, இடம் பத்துமா?" எழுது என்றேன். எழுதியிருக்கிறாள்.

அன்றைக்கு மேசையில் நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா தட்டில் சோறு குறைந்தது. பழக்கதோஷத்தில் எழுந்து போடப் போனேன்.

"உக்காரு" என்றாள் அக்கா. "எனக்குக் கையி இருக்கு."

உட்கார்ந்தேன். என் தட்டில் எனக்கு நானே பிரியாணி அள்ளிப் போட்டுக்கொண்டேன். எழுபது வயதுக்கு மேல் முதல் தடவை. எவ்வளவு அள்ளுவது என்று தெரியாமல் தட்டுக்கு வெளியே பாதி போயிற்று.

அத்தான் இன்னும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு வேணாம்னா விட்டுருங்க" என்றாள் அக்கா. "தூக்குல தயிர்சாதம் இருக்கு. அவருக்குன்னுதான் கட்டிட்டு வந்தேன்."

தனக்கென்று கட்டியது இல்லை அது. தான் மட்டுமாவது சாப்பிடத்தான் வந்ததாக அவள் சொல்கிறாள். அது அத்தானுக்கும் இப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். தூக்கைப் பார்த்தார். நண்டைப் பார்த்தார். முள்கரண்டியை எடுத்து ஒரு நண்டைக் குத்தினார். அது வழுக்கிப் பறந்து என் தட்டில் வந்து விழுந்தது. ஷெர்லி எழுந்து போய் மெழுகுவத்திகளை ஊதி அணைத்து மின்விசிறியைப் போட்டாள். பெயர் அட்டையெல்லாம் காற்றில் பறந்தது. அத்தான் முள்கரண்டியை வைத்துவிட்டுக் கையால் சாப்பிட ஆரம்பித்தார். அவர் ஜெபிக்கவும் இல்லை, என்னிடம் பேசவும் இல்லை. மூன்று நண்டு சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா, "செத்த நேரம் கட்டையச் சாய்க்கிறேன்" என்று சொல்லி ஷெர்லியின் அறைக்குப் போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் வந்தது. லேசான குறட்டை இல்லை, நடவுக்குப் போய்விட்டு வந்தவள் விடுகிற குறட்டை.

நாலு மணிக்கு அவர்களுக்கு பஸ். மேசையைத் துடைத்தாயிற்று. நானும் அத்தானும் மட்டும் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தோம். எழுந்து எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை ஆயிற்று.

"எழுப்பட்டுமா அத்தான்?" என்றேன்.

அறைப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம் மாப்ளே" என்றார். "அவ இப்படித் தூங்கி நான் பாத்ததில்ல." தோளில் இருந்த துணியை எடுத்து மடித்து முன்னால் வைத்தார். "ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்குல்ல?"

"இருக்கு அத்தான்" என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு அந்த ஆறு மணி பஸ் ஓடுவதில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.